கடலிடம் கடன் வாங்கிய பண்ணை

கடல் நிலத்தை விழுங்கிய கதை நமக்குப் புதிதல்ல. பூம்புகாரைச் சொல்வோம். 1964-ல் ஒரே ராத்திரியில் காணாமல் போன தனுஷ்கோடியைச் சொல்வோம். கடல் கொண்டது, கடல் கொண்டது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

நிலம் கடலை விழுங்கிய கதை கேட்டிருக்கிறீர்களா?

இங்கிலாந்து வரைபடத்தைக் கொஞ்சம் மனசுக்குள் விரித்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கம் தொப்பை மாதிரி ஒரு பகுதி வடகடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் தொப்பையின் மேல் விளிம்புதான் நார்ஃபோக் மாவட்டத்தின் வடக்குக் கரை. அங்கே ஹோல்க்கம் என்று ஒரு கிராமம். அந்தக் கிராமத்தையும் சுற்றுவட்டாரத்தையும் நானூறு வருஷமாக ஒரே குடும்பம் வைத்திருக்கிறது. குடும்பப் பண்ணை.

பண்ணை என்றதும் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு, ஒரு பம்ப்செட், ஒரு கயிற்றுக் கட்டில் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். மொத்தம் 25,000 ஏக்கர். வயல், மேய்ச்சல் நிலம், மரக்காடு, மணல்மேடு, சதுப்பு, கடற்கரை, குத்தகைதாரர்கள், நடுவில் ஓர் அரண்மனை. எல்லாம் சேர்ந்ததுதான் பண்ணை.

இதில் நமக்கு வேண்டியது, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கிற ஒரு சதுப்பு. அந்தச் சதுப்பை என்ன செய்வது என்பதில் இந்தக் குடும்பம் அடுத்தடுத்து மனசு மாறியிருக்கிறது. அந்த மனமாற்றங்களின் கதைதான் இது.

குடும்பத்தின் பெயர் கோக். எழுத்தில் மட்டும்தான் அப்படி. குளிர்பான பாட்டிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் வாயில் அது 'குக்'. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

முதல் சொத்தைச் சேர்த்தவர் எட்வர்ட் குக். 1552-ல் பிறந்தவர். வக்கீல். தலைமை நீதிபதி வரைக்கும் உயர்ந்தார். அரசனாகவே இருந்தாலும் சட்டத்துக்குக் கீழேதான் என்று ஜேம்ஸ் மன்னரிடமே வாதாடியவர். அரசர் சும்மா விடுவாரா? 1616-ல் பதவி போயிற்று. பிற்பாடு லண்டன் கோபுரத்தில் சிறைவாசமும் கிடைத்தது. ஆனாலும் மனிதர் ஓயவில்லை. 1628-ல் நாடாளுமன்றம் மன்னர் சார்லஸின் கையை முறுக்கி வாங்கிய உரிமை மனுவில் இவருடைய பங்கு பெரிது.

நாட்டுக்கு இத்தனையும் செய்துகொண்டே, பிள்ளைகளுக்காக ஊர் ஊராக நிலமும் வாங்கிப் போட்டார். அவருடைய நான்காவது மகன் ஜான், ஹோல்க்கமில் சொத்துள்ள மெரியல் வீட்லி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். குக் குடும்பம் ஹோல்க்கமில் குடியேறியது இந்தக் கல்யாண வாசல் வழியாகத்தான்.

அப்போது ஹோல்க்கம் எப்படி இருந்தது? கடலிலிருந்து ஓர் உப்பங்கழி வளைந்து வளைந்து ஊருக்குள் வரும். அலை ஏறும்போது நிரம்பும், இறங்கும்போது வடியும். அந்தக் கழியில் ஒரு சின்னப் படகுத்துறை இருந்தது. சுற்றிலும் உப்புச் சதுப்பு. மனுஷனுக்குச் சோறு போடாத நிலம் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

1639-ல் கரை கட்ட ஆரம்பித்தார்கள்.

கடலிடமிருந்து நிலத்தைப் பிடுங்குவது எப்படி? சுலபமாகச் சொல்லிவிடலாம். செய்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு அலையேற்றமும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவந்து சதுப்பில் விட்டுவிட்டுப் போகும். உப்பைத் தாங்குகிற செடிகள் அந்த வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரை மெல்ல மெல்ல உயரும். ஓரளவு உயர்ந்ததும் கடலுக்கும் அதற்கும் நடுவில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்ப வேண்டும். கரையில் ஒரு மதகு. கடல் இறங்கும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே போகும். கடல் ஏறினால் கதவு தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் வேலை மழையுடையது. சில வருஷ மழை உப்பைக் கழுவிவிடும். புல் முளைக்கும். மாட்டை அவிழ்த்துவிடலாம்.

அன்று தொடங்கிய வேலை 1859 வரை நடந்தது. இருநூற்று இருபது வருஷம்! தாத்தா விட்ட இடத்திலிருந்து பேரன், பேரன் விட்ட இடத்திலிருந்து அவனுடைய பேரன். கடல் ஹோல்க்கமை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

நல்ல விஷயம்தானே என்கிறீர்களா? அந்தப் படகுத்துறையை மறந்துவிட்டீர்கள். கழியை அடைத்தால் படகு எப்படி வரும்? துறை செத்துப்போனது. கடலோரக் கிராமமாக இருந்த ஹோல்க்கம், கடலை எட்டிப் பார்க்கிற கிராமமாக ஆகிவிட்டது. நிலம் கிடைத்தது பண்ணைக்கு. துறையை இழந்தது ஊர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

அடுத்து வருகிறவர் தாமஸ் குக். 1697-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, பெரிய சொத்துக்கு வாரிசானவர். பதினைந்து வயதில் ஐரோப்பாச் சுற்றுலா கிளம்பினார். ஆறு வருஷம் கழித்துத்தான் வீடு திரும்பினார். போன இடத்தில் எல்லாம் சிலை, ஓவியம், ஏட்டுச்சுவடி என்று வாங்கித் தள்ளினார். அப்படி 1717-ல் இத்தாலியில் வாங்கியது ஒரு பழைய நோட்டுப் புத்தகம். பதினெட்டுத் தாள்கள், இரண்டாக மடித்தால் 72 பக்கம். கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடிகிற மாதிரி, வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதிய எழுத்து.

எழுதியவர் லியோனார்டோ டா வின்சி. எழுதிய விஷயம் பெரும்பாலும் தண்ணீர். ஆறு எப்படி வளைகிறது, கரையை எங்கே அரிக்கிறது, மலை உச்சியில் கடல் சிப்பி எப்படி வந்தது, அலை எப்படி உடைகிறது என்று பக்கம் பக்கமாக யோசித்திருக்கிறார். கடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் நூலகத்தில் தண்ணீரைப் பற்றிய உலகப் புகழ்பெற்ற நோட்டு. இருநூற்று அறுபது வருஷத்துக்கு மேல் அது இந்தக் குடும்பத்திடமே இருந்தது.

இதே தாமஸ் 1720-ல் லண்டனையே கவிழ்த்த தென்கடல் கம்பெனிப் பங்குகளில் பெரும் பணத்தைத் தொலைத்தார். அதனால் கனவு மாளிகை தள்ளிப்போனது. 1734-ல்தான் கடைக்கால் தோண்டினார்கள். கட்டி முடிக்க முப்பது வருஷம். 1759-ல் அவர் போய்ச் சேர்ந்தார். 1764-ல் அவருடைய மனைவி மார்கரெட் முடித்து வைத்தார். ஒரே மகன் அப்பாவுக்கு முன்னாலேயே 1753-ல் இறந்துவிட்டான். மாளிகைக்குச் சுற்றிலும் பூங்கா வேண்டும் என்பதற்காகக் கிராமத்து வீடுகளும் இடம் மாறின. கடைசிக் காலத்தில், திரும்பின பக்கமெல்லாம் தன் வீட்டைத் தவிர வேறு வீடே கண்ணில் படவில்லையே என்று அவர் வருத்தப்பட்டதாக ஒரு பேச்சு உண்டு.

நேரடி வாரிசு இல்லாததால் சொத்து அவருடைய சகோதரி வழிக்குப் போனது. 1776-ல் அது தாமஸ் வில்லியம் குக் என்ற 22 வயது இளைஞரின் கைக்கு வந்தது. நார்ஃபோக்கின் குக் என்று இங்கிலாந்து முழுக்கப் பெயர் வாங்கப்போகிற ஆசாமி இவர்தான்.

ஹோல்க்கம் பக்கத்து மேட்டு நிலம் மணல்சாரி. ஒரு புல்லுக்கு இரண்டு முயல் சண்டை போடுகிற ஊர் என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்களாம். அந்த மண்ணில் இவருடைய குத்தகைதாரர்கள் நாலு வருஷச் சுழற்சியில் பயிர் வைத்தார்கள். ஒரு வருஷம் கோதுமை, அடுத்த வருஷம் டர்னிப் கிழங்கு, அதற்கடுத்து பார்லி, நாலாவது வருஷம் குளோவர் என்ற தீவனச் செடி.

இதில் என்ன அதிசயம்? முன்பெல்லாம் நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வயலைச் சும்மா போட்டுவைப்பார்கள். இங்கே எந்த வருஷமும் சும்மா இல்லை. குளிர்காலத்தில் ஆட்டை வயலிலேயே கிடை போட்டு டர்னிப்பைத் தின்னவிட்டார்கள். ஆடு போடுகிற புழுக்கை மணலுக்கு உரம். குளோவர், நம் ஊர் கொழிஞ்சி, சணப்பை மாதிரி, காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் இறக்கிக் கொடுக்கும். போதாக்குறைக்குக் கீழேயிருந்து சுண்ணாம்பு கலந்த களிமண்ணைத் தோண்டி எடுத்து மணலின் மேல் பரப்பினார்கள். குத்தகையும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற குத்தகை இல்லை. இருபத்தோரு வருஷக் குத்தகை கொடுத்தார்கள். நாளைக்கே கிளப்பிவிடுவார்கள் என்று தெரிந்தால் எவன் மண்ணில் காசைப் போடுவான்?

வருஷா வருஷம் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற சமயத்தில் ஹோல்க்கமில் ஒரு திருவிழா நடக்கும். விவசாயிகள், பிரபுக்கள், வெளிநாட்டு விருந்தாளிகள் எல்லோரும் கூடி வயலைச் சுற்றிப் பார்ப்பார்கள். புது ஆட்டு ரகம், விதைக்கிற கருவி பற்றியெல்லாம் விவாதிப்பார்கள். ராத்திரி மாளிகையில் விருந்து. இன்றைய விவசாயக் கண்காட்சிகளுக்கெல்லாம் அது முன்னோடி. 1821-ல் நடந்தது கடைசித் திருவிழா.

அவர் 1842-ல் இறந்த பிறகு குத்தகைதாரர்கள் பணம் போட்டு நூறு அடிக்கு மேல் உயரமான ஒரு தூண் எழுப்பினார்கள். உச்சியில் கோதுமைக் கட்டு. அடியில் நாலு மூலையில் மாடு, ஆடு, கலப்பை, விதைக்கும் கருவி. வாள் இல்லை, பீரங்கி இல்லை. ஒரு விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் பாருங்கள், கதை இவ்வளவு இனிப்பாக முடிவதில்லை.

பாலைவனமாகக் கிடந்த நார்ஃபோக்கை ஒற்றை ஆளாகச் சோலையாக்கியவர் என்று ரொம்ப காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1975-ல் பார்க்கர் என்ற ஆய்வாளர் இந்தப் பண்ணையின் பழைய கணக்குப் புத்தகங்களை அலசி ஒரு நூல் வெளியிட்டார். அதைப் படித்தால் சோலைக் கதை ஆட்டம் காண்கிறது. டர்னிப், குளோவர், சுண்ணாம்புக் களிமண், நீண்ட குத்தகை என்று எல்லாமே அவர் பிறப்பதற்கு முன்னாலேயே அந்த மண்ணில் நடந்துகொண்டிருந்தவை. அவர் கண்டுபிடித்தவை அல்ல. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த விளக்கை நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். அதுவும் சின்னக் காரியமில்லை. ஆனால் விளக்கை ஏற்றியவர்கள் வேறு.

அப்புறம் இன்னொரு கேள்வி. களிமண்ணைத் தோண்டியது யார்? கடற்கரை போட மண் சுமந்தது யார்? கூலிக்காரர்கள். தூணில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடம் இருக்கிறது. மண் வெட்டியவனுக்கு இல்லை. 1830-ல் நார்ஃபோக் உள்பட இங்கிலாந்தின் தெற்கு, கிழக்கு மாவட்டங்களில் கூலிக்காரர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். குளிர்காலத்தில் கையால் கதிரடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த வேலையும் போனால் கஞ்சிக்கு எங்கே போவது? பண்ணைக் கூலிகளுக்கு ஓட்டுரிமை கிடைக்க 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுவருஷமே வடமேற்கு நார்ஃபோக் தொகுதி ஜோசப் ஆர்ச் என்பவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. வேலியடைக்கிற கூலியாளாக இருந்து, தேசிய அளவில் பண்ணைத் தொழிலாளர் சங்கம் கட்டியவர் அவர்.

சரி, குடும்பத்துக்குத் திரும்புவோம். நார்ஃபோக்கின் குக் 67 வயதில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். 68 வயதில் மகன் பிறந்தான். அந்த மகன் 1909 வரை வாழ்ந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1776-லிருந்து 1909 வரை, 133 வருஷம், இந்தப் பண்ணைக்கு இரண்டே முதலாளிகள். அப்பாவும் பிள்ளையும். அப்பா காலத்தில் பிரெஞ்சுப் புரட்சி. பிள்ளை கண்ணை மூடும்போது ஆகாயத்தில் விமானம்.

இந்த மகன் காலத்தில்தான் 1859-ல் பக்கத்து ஊரான வெல்ஸ் துறைமுகத்திலிருந்து கடல் வரைக்கும் ஒரு மைல் நீளத்துக்குக் கடைசிக் கரையைக் கட்டினார்கள். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலோர மணல்மேடுகளில் பைன் மரங்களை நட்டார்கள். மணல் பறந்துவந்து வயலை மூடாமல் இருக்க வேண்டும். பைன் வளர்ந்து மணலைப் பிடிக்க எத்தனை வருஷம் ஆகும்? நட்டவர் அனுபவிக்க முடியாது. பேரன் அனுபவிப்பான் என்று தெரிந்தவன்தான் நடுவான்.

இடையில் ஒரு குட்டிச் சமாசாரம். சார்லி சாப்ளின் தலையில் பார்த்திருப்பீர்களே, உருண்டைத் தொப்பி, அது இந்தக் குடும்பத்துக்காகச் செய்யப்பட்டது. பண்ணைக் காவலாளிகள் குதிரையில் போகும்போது தாழ்ந்த கிளைகள் தலையில் இடித்தன. 1849-ல் பண்ணை முதலாளியின் தம்பி எட்வர்ட் குக் லண்டனில் லாக் என்ற தொப்பிக் கடைக்குப் போய்க் கெட்டியான ஒரு தொப்பி செய்யச் சொன்னார். தயாரானதும் தரையில் வைத்து ஏறி மிதித்துப் பார்த்தாராம். நசுங்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வாங்கிப் போனார். பண்ணைக் காவலாளிக்குச் செய்த தொப்பி பிற்பாடு லண்டன் வங்கிக்காரர்களின் சீருடை மாதிரி ஆகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டு வந்தது. இரண்டு உலகப் போர்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்தன. சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. ஒரு துண்டு நிலம்கூடச் சும்மா கிடக்கக் கூடாது என்று அரசாங்கம் விரட்டியது. போர் முடிந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. மேய்ச்சல் சதுப்புகளில் வடிகாலை ஆழப்படுத்தித் தண்ணீரை வெளியேற்றினார்கள். முதலில் கடலை விரட்டினார்கள். இப்போது ஈரத்தையே விரட்டினார்கள்.

கடல் சும்மா இருக்குமா? 1953 ஜனவரி 31, சனிக்கிழமை ராத்திரி. வடகடலில் பெரும்புயல். புயலும் அலையேற்றமும் ஒரே நேரத்தில் கைகோத்தன. கிழக்குக் கரை நெடுகக் கடற்கரைகள் உடைந்தன. வெல்ஸ் பக்கத்திலும் கரை உடைந்து, முந்நூறு வருஷமாகச் சேர்த்த நிலத்தில் உப்புத் தண்ணீர் பாய்ந்தது. இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் செத்துப்போனார்கள். எதிர்க்கரையில் நெதர்லாந்தில் 1,836 பேர். கரையைத் திரும்பக் கட்டினார்கள். 1978 ஜனவரியில் வெல்ஸ் கரை மறுபடி உடைந்தது.

நடுவில் குடும்பத்துக்குள்ளேயும் ஒரு கரை உடைந்தது. ஐந்தாவது பிரபுவுக்கு மூன்று பெண்கள். மகன் இல்லை. மூத்தவர் ஆன், ஹோல்க்கம் மண்ணிலேயே வளர்ந்தவர். அவருடைய அம்மா 1951-ல் பண்ணையில் ஒரு மண்பாண்டத் தொழிற்கூடம் தொடங்கினார். ஆன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி அந்தப் பாண்டங்களை விற்றார். பிரபுவின் மகள், ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதி! ஆனால் 1976-ல் அப்பா இறந்தபோது பட்டமும் பண்ணையும் பெண்ணுக்கு வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்த பங்காளி வீட்டுக்குப் போயின. அப்போது அதுதான் முறை. அரசரைச் சட்டத்துக்குக் கட்டுப்படுத்திய வக்கீலின் வம்சத்தில், வாரிசு முறையைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. ஆன் 2019-ல் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். புத்தகம் பிரமாதமாக விற்றது.

1980-ல் டா வின்சியின் நோட்டும் ஏலத்துக்குப் போனது. அமெரிக்க எண்ணெய் அதிபர் அர்மாண்ட் ஹாமர் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தார். 1994-ல் அதைப் பில் கேட்ஸ் 3 கோடியே 8 லட்சம் டாலருக்கு வாங்கினார். தண்ணீரைப் பற்றிய நோட்டு போய்விட்டது. தண்ணீர் மட்டும் மிச்சம்.

இனிமேல்தான் அடுத்த மனமாற்றம். 1967-ல் ஹோல்க்கம் கரையோரம் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சதுப்பு, மணல்மேடு, பைன் காடு, சேற்றுத் திட்டு எல்லாம் சேர்ந்து இங்கிலாந்தின் பெரிய காப்பகங்களில் ஒன்று. நிர்வாகம் அரசுத் துறையிடம் இருந்தது. பிற்பாடு வடிகால்களில் தடுப்பு வைத்தார்கள், மதகைத் திருகினார்கள், சதுப்பின் தண்ணீர் மட்டத்தை உயர்த்தினார்கள். அதாவது, தாத்தா வடியவிட்டதைப் பேரன் காலத்தில் தேக்கினார்கள். உப்புத் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். சேறு திரும்பியதும் பறவை திரும்பியது. நம் ஊர் ஆள்காட்டியின் உறவுக்காரப் பறவை, கோணமூக்கு உள்ளான் எல்லாம் கூடு கட்டின.

2010-ல் ஒரு பெரிய சமாசாரம். கரண்டிவாயன் தெரியுமல்லவா? வெள்ளைப் பறவை, அகப்பை மாதிரி மூக்கு. வேடந்தாங்கலுக்கு வருகிற அதே இனம்தான். இங்கிலாந்தில் சதுப்புகளை வற்றவைத்தும் வேட்டையாடியும் அதைத் துரத்தியிருந்தார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் அங்கே கூட்டமாகக் குஞ்சு பொரித்ததே இல்லை. அந்த வருஷம் ஹோல்க்கம் சதுப்பில் பத்துக் குஞ்சுகள் சிறகடித்தன. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் வருகின்றன.

2012-ல் காப்பக நிர்வாகத்தைப் பண்ணையே அரசுத் துறையிடமிருந்து வாங்கிக்கொண்டது. தனியார் கையில் தேசியக் காப்பகமா என்று சந்தேகப்படுவது நியாயம்தான். 2018-ல் ஜேக் ஃபைன்ஸ் என்பவர் காப்பகப் பொறுப்புக்கு வந்தார். நடிகர் ரால்ஃப் ஃபைன்ஸின் தம்பி. அவர் செய்வது ஒன்றும் மந்திரமில்லை. டிராக்டர் திரும்ப முடியாத மூலை, எப்போதும் நஷ்டம் கொடுக்கிற ஓரம், இதையெல்லாம் பயிரிலிருந்து விடுவித்துப் பூச்செடிக்கும் புல்லுக்கும் கொடுத்துவிடு. வேலியை ஒட்ட வெட்டாதே, கொஞ்சம் வளரவிடு. நல்ல நிலத்தில் நன்றாக விவசாயம் செய். அவ்வளவுதான்.

விவசாயமும் பறவையும் ஒன்றாக வாழ முடியுமா? இதற்கு ஹோல்க்கமில் ஒரு பதில் இருக்கிறது. இளஞ்சிவப்புக் கால் வாத்து.

ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பரில் இருந்து நார்ஃபோக் கரைக்கு வந்து சேரும் காட்டு வாத்து. ராத்திரி முழுக்கச் சேற்றுத் திட்டிலும் சதுப்பிலும் தூங்கும். பொழுது விடிகிற நேரத்தில் ஆயிரம் ஆயிரமாகக் கிளம்பி, கத்திக்கொண்டே வயல்காட்டுப் பக்கம் பறக்கும். எங்கே போகிறது? சுகர்பீட் வயலுக்கு.

சுகர்பீட் என்பது நம் பீட்ரூட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். குளிர்நாட்டின் கரும்பு. 1912-ல் நார்ஃபோக்கில் கேன்ட்லி என்ற ஊரில் சர்க்கரை ஆலை வந்தது. 1925-ல் அரசு மானியம் கொடுத்ததும் பயிர் பரவியது. அறுவடையின்போது கிழங்கை எடுத்துக்கொண்டு தழையையும் கொண்டையையும் வயலிலேயே போட்டுவிடுவார்கள். நமக்குக் குப்பை, வாத்துக்கு விருந்து. 1980-களிலிருந்து கூட்டம் பெருகிப் பெருகி, நார்ஃபோக் முழுக்க எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிய குளிர்காலங்களும் உண்டு.

ஒரு சிக்கல் இருந்தது. கிழங்கு எடுத்த கையோடு உழுதுவிட்டால் வாத்துக்குத் தீனி போய்விடும். பசித்த வாத்து பக்கத்து வயலில் முளைத்திருக்கிற கோதுமையில் இறங்கிவிடும். விவசாயி துப்பாக்கியைத் தேடுவான். தீர்வு ரொம்ப எளிது. கிழங்கு எடுத்த வயலைச் சில வாரம் உழாமல் விட்டுவை. வாத்து தழையைத் தின்னும், கோதுமையைத் தொடாது. விவசாயிக்கும் நஷ்டமில்லை, வாத்துக்கும் பட்டினியில்லை.

இதில் ஒரு திகில் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? அந்த வாத்துக் கூட்டத்தின் குளிர்காலச் சாப்பாடு சர்க்கரை விலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்குத் தந்துவந்த ஆதரவு விலையைக் குறைக்க முடிவெடுத்தது. இங்கிலாந்தில் இரண்டு ஆலைகள் மூடப்பட்டன. நார்ஃபோக் ஆலைகள் தப்பின. தப்பாமல் போயிருந்தால்? எங்கோ கூட்ட அறையில் போடுகிற கையெழுத்து, கிரீன்லாந்திலிருந்து வருகிற பறவையின் வயிற்றில் அடிக்கும். காப்பகத்துக்கு வேலி போடலாம். விலைவாசிக்கு வேலி போட முடியாது. அதனால்தான் பறவையைக் காப்பாற்றுகிறவனுக்கு விவசாயக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

வெல்ஸ் துறைமுகத்தில் ஒரு பழைய தானியக் கிடங்கு இருக்கிறது. அதன் சுவரில் வெள்ளம் வந்த உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1953, 1978, அப்புறம் 2013 டிசம்பர் 5. மூன்றில் மேலே இருப்பது 2013. ஆமாம், 1953-ஐவிட உயரம். முன்னெச்சரிக்கை இருந்ததால் அந்தப் பழைய சாவு எண்ணிக்கை திரும்பவில்லை. ஆனால் கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. 1639-ல் வாங்கிய கடனை வட்டியோடு கேட்க ஆரம்பித்துவிட்டது கடல்.

ஹோல்க்கம் குடும்பம் மகான்களின் குடும்பம் இல்லை. துறையை அடைத்தார்கள், கிராமத்தை நகர்த்தினார்கள், மண் வெட்டியவனை மறந்தார்கள், மகளுக்குச் சொத்து தரவில்லை. ஆனால் ஒன்று. செய்த தப்பின் பலனை அவர்களே பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியிருந்தது. விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போகவில்லை. தாத்தா போட்ட கரை உடைந்தால் பேரன்தான் கட்ட வேண்டும். சதுப்பு செத்தால் பேரன் கண்ணெதிரில்தான் சாகும். அதனால்தான் மனசு மாற முடிந்தது.

அதே சமயம், இருபத்தையாயிரம் ஏக்கரைப் பற்றி ஒரு குடும்பம் மட்டுமே முடிவெடுப்பது சரியா என்று நீங்கள் கேட்டால், அதுவும் சரியான கேள்விதான். நல்ல பேரன் வாய்த்தால் சதுப்புக்கு அதிர்ஷ்டம். வாய்க்காவிட்டால்?

அடுத்த தடவை யாராவது ஈரமும் சேறுமாகக் கிடக்கிற ஒரு நிலத்தைக் காட்டி, 'சும்மாதான் சார் கிடக்குது, மண்ணடிச்சு மேடாக்கிடலாம்' என்று சொன்னால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து, தண்ணீர் தன் இடத்தைத் தேடிக்கொண்டு வரும்போது, உங்கள் பேரன் இந்த ஊரில் இருப்பானா?